நாலாவது கேள்வி

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிடுவார். வாசலில் இல்லை, கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில். "இன்னாண்ணா இங்கியே வுட்டுட்டீங்க, நாய் தூக்கிக்கினு பூடும்" என்றால், "தூக்கிக்கினு போவட்டும்மா. எந்த நாய்னு எனக்குத் தெரியாதா?" என்பார். அவருக்குத் தெரிந்த ஜோக் அது ஒன்றுதான். நானே ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவரே முதலில் சிரிப்பார்.

தெருவில் எத்தனையோ நாய் போகும், எதையெதையோ மிதித்துக்கொண்டு வருகிறோம், அதோடு நாய்க்குட்டி இருக்கிற வீட்டுக்குள் போகக் கூடாது. அதற்காகத்தான் அந்தச் செருப்பு வெளியே. வெளியிலிருந்து எதையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று அவ்வளவு பார்த்தவர். எங்கள் வீட்டிலிருந்துதான் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

சித்தூரில் பசுவுல ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மாட்டாஸ்பத்திரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஒல்லியாக, கொஞ்சம் கூனலாக இருப்பார். குனிந்து குனிந்து கீழே இருப்பவற்றோடு பேசியே அப்படி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். மனுஷர்களோடு தமிழ் பேசுவார், நாய்களோடு தெலுங்குதான். "ரா நானா, ரா, தினு" என்று, வா கண்ணு தின்னு என்கிற மாதிரி, தட்டைத் தள்ளுவார். அந்தத் தெலுங்கில் இருந்த கொஞ்சல் தமிழில் இருக்காது. நம்மிடம் பேசும்போது வார்த்தையை எண்ணி எண்ணித்தான் எடுப்பார்.

தெருவில் குட்டி போட்ட நாயை, வண்டி அடித்த நாயை எல்லாம் வீட்டுக்கு இட்டுக்கொண்டு வந்துவிடுவார். குட்டிகளுக்கு நாற்பத்தைந்து நாள் ஆனதும் முதல் ஊசி போட்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேட்பார்.

பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள்? முதல் மூன்று நாள் அம்மாவைத் தேடி அழும், அப்போது யார் பக்கத்தில் படுப்பீர்கள்? ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள்? இதற்கு முன்னால் உங்கள் வீட்டில் குட்டி ஏதாவது செத்திருக்கிறதா?

அவ்வளவுதான். பதில் சொன்னால் சொன்னதுதான். மறுபடியும் கேட்க மாட்டார், இன்னொருவரிடம் விசாரிக்க மாட்டார், முகத்தைக்கூட உற்றுப் பார்க்க மாட்டார். அவர் சம்சாரம் இதற்காக அவரைப் பண்ணாத கேலி இல்லை. எங்கள் முன்னாலேயே சொல்வார். "இந்த மனுஷன்கிட்ட எருமைய இஸ்துக்கினு வந்து ஆனைன்னு சொல்லும்மா. தும்பிக்கை எங்கன்னு கேக்க மாட்டாரு. தழை ஒடிக்கப் பூடுவாரு."

அதற்கு அவர், "கேக்கறது என் வேலை. சொல்றது அவங்க வேலை. ரெண்டு வேலையும் நானே செய்ய முடியுமா?" என்பார்.

ஒருவர் வந்து, இரண்டாவது ஊசியை வேறு இடத்தில் போட்டுவிட்டேன், ஊசி அட்டை தொலைந்துவிட்டது என்றாராம். உடனே புது அட்டை எடுத்து, அவர் சொன்ன தேதியை எழுதிக் கொடுத்துவிட்டார். போட்டார்களா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று சம்சாரம் கேட்டதற்கு, "வாயால சொல்லிட்டாரே" என்றாராம்.

வாயால் சொன்னவள்தான் நானும்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். குடிபாலாவில் எங்கள் வீடு. மாம்பழ சீசனில் நான் ஜூஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவேன், கொட்டை எடுக்கிற செக்ஷன். எம் வீட்டுக்காரர் மினி லாரியில் மாங்காய் லோடு அடிப்பார். ஒரு சீசனில், வேலூர் ரோட்டுப் பரோட்டா கடையிலிருந்து ஒரு குட்டியைப் பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டு எடுத்து வந்தார். தாய்ப்பால் மறந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. எம் பொண்ணு கௌரிக்கு அப்போது பதினோரு வயசு. கிரேட்டுக்குள் தலையை விட்டவள்தான், வெளியே எடுக்கவில்லை. அப்போதே ஜிக்கி என்று பேர் வைத்துவிட்டாள்.

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பசும்பால் ஊற்றினோம். தெருப் பிள்ளைகள் எல்லாம் வந்து மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஊசி என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பல் ஊறுகிற குட்டி, கட்டில் காலைக் கடித்துக் கடித்துப் பள்ளம் பண்ணியது. ஒன்பதாம் நாள் வாந்தி. அப்புறம் ரத்தமாகப் போனது. வெயில் சூடு என்றேன் நான். கண்ணு பட்டுச்சு என்றார் அவர். மோர் கொடுத்தோம். மறுநாள் விடியும்போது குட்டி இல்லை.

துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் புதைத்தோம். நான் வீடு முழுக்கச் சாணித் தண்ணி தெளித்தேன், கட்டிலடியில் மஞ்சள் தண்ணி ஊற்றினேன், கற்பூரம் ஏற்றினேன். பிள்ளை பெற்ற வீட்டிலும் அதுதான், சாவு விழுந்த வீட்டிலும் அதுதான். செய்துவிட்டால் வீடு சுத்தம் ஆகிவிட்டது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ஃபேக்டரி வாசலில் ஒரு தொட்டி இருக்கும், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணி. உள்ளே போகும்போதெல்லாம் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை நனைப்பேன். விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமி காலோடு வரும் என்று சூப்பர்வைசர் தெலுங்கில் கத்திக்கொண்டே இருப்பார். அந்தத் தண்ணியை ஒரு பக்கெட் கலந்து எங்கள் கொல்லையில் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது கம்பெனி சுத்தம், இது வீட்டுச் சுத்தம் என்று நினைத்துவிட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள் என்பதால் இல்லை. படித்தவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டாலும் மனசு கேட்பதில்லை.

ஜிக்கி போன பிறகு கௌரி சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாதி துன்னுவாள், மீதி அப்படியே இருக்கும். அது படுத்த துண்டை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள். டீச்சர் கூப்பிட்டு, "ஏமம்மா, பாப்பா பேச மாட்டேங்குது?" என்றார். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். பெற்ற பிள்ளை பேசாமல் இருந்தால் என்ன ஆவேன்? நாலு மாசம் பார்த்தேன். அப்போதுதான் சீசனில் கூட வேலை செய்கிற ஒருத்தி இவரைப் பற்றிச் சொன்னாள். "நல்ல மனுஷன். ஆனா நாலு கேள்வி கேப்பாரு. குட்டி செத்த வீடுன்னா தரமாட்டாரு, ஒரு வருஷம் போவட்டும்னு அனுப்பிடுவாரு."

அதைக் கேட்டுக்கொண்டுதான் போனேன்.

அவர் வீட்டு வாசலிலும் ஒரு தட்டில் பிளீச்சிங் தண்ணி இருந்தது. குட்டி பார்க்க ஆள் வருகிற அன்றைக்கு வைப்பாராம். யாரும் சொல்லாமலே நான் செருப்பை விட்டுவிட்டுக் காலை அதில் வைத்தேன், பழக்கம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க வேலை செய்யறீங்கம்மா?"

"மாம்பழ ஃபேக்டரியிலண்ணா."

"அதான். எத்தினியோ பேர் வராங்க, சொன்னாக்கூட தாண்டிக்கினு வருவாங்க. நீங்க சொல்லாமயே வெச்சீங்க."

உள்ளே தாய் படுத்திருந்தது. நாலு குட்டி. காது மட்டும் கறுப்பாக இருந்த ஒன்று நேராக வந்து கௌரியின் பாவாடை நுனியைக் கடித்து இழுத்தது. நாலு மாசத்துக்கு அப்புறம் எம் பொண்ணு சிரித்ததைப் பார்த்தேன்.

அவர் கேள்வியை ஆரம்பித்தார். பகலில் மாமியார் இருப்பாங்க என்றேன், உண்மை. கௌரியும் நானும் பக்கத்தில் படுப்போம் என்றேன், உண்மை. ஊருக்கு நாங்கள் எங்கேயும் போவதில்லை என்றேன். அதற்குச் சிரித்தார்.

"இதுக்கு முன்னாடி உங்க வீட்ல குட்டி எதுனா செத்திருக்குதாம்மா?"

என் கைக்குள் கௌரியின் கை இருந்தது. அவள் வாயைத் திறக்கிறாள் என்று தெரிந்தது. விரலை அழுத்திக் கிள்ளினேன்.

"இல்லண்ணா. இதான் முதல் குட்டி."

அவர் தலையை ஆட்டினார். அட்டையில் எழுத ஆரம்பித்தார்.

பொய் என்று நான் அப்போது நினைக்கவில்லை. சுத்தம் பண்ணிவிட்டேனே, அப்புறம் எதற்கு அதைச் சொல்லிக்கொண்டு, என்றுதான் நினைத்தேன். எழுதிக்கொண்டே அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. "பால் ஊத்தாதீங்க, வயிறு தாங்காது. ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சங் கொஞ்சமா. ரெண்டாவது ஊசி போடற வரைக்கும் தெருவுல வுடாதீங்க, ஒரு ஊசி முழுசாக் காப்பாத்தாது. இப்பவே பேர் வெக்காதீங்க. வெச்சா பசங்க கூப்ட்டுக்கினே இருக்கும், அது தூங்காது. தூங்கினாத்தான் வளரும்." கடைசியாகத் தாய் படுத்திருந்த கோணிப்பையில் ஒரு துண்டைக் கிழித்து, குட்டியோடு சுற்றிக் கொடுத்தார். "வாசனை இருக்கும். கொஞ்சம் கம்மியா அழுவும். இட்டுக்கினு போறதுக்கு ஒரு பஸ்ஸு போதும்மா. அதுக்கப்புறம் பத்துப் பன்னெண்டு வருஷம்."

கௌரியைப் பார்த்து, "இன்னா கண்ணு, வாயே தெறக்க மாட்டேங்கற?" என்றார். அவள் விரலைத் தடவிக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் வந்தார். எல்லார் வீட்டுக்கும் மூன்றாம் நாள் போவாராம், சோதனை போட இல்லை, குட்டிக்கு அவரைப் பார்த்தால் தைரியம் வரும் என்று. செருப்பைத் தெருவில் விட்டார், ஜோக்கைச் சொன்னார், வெறுங்காலோடு வீட்டைத் தாண்டிக் கொல்லைக்கு வந்தார். குட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொண்டார். எங்கே உட்கார்ந்தார் என்றால், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால்.

நான் டீ டம்ளரோடு நின்றேன். "நாற்காலி போடறேண்ணா, அங்க உக்காராதீங்க" என்றேன். "மண்ணுதாம்மா, இன்னா ஆவப்போவுது" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். டம்ளரை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். குட்டி அவர் பேண்டில் மூத்திரம் போனது. "பாத்தீங்களா, ஞாபகம் வெச்சிருக்குது" என்று துடைத்துக்கொண்டே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மொபெட்டில் நேராக வீட்டுக்குப் போனார். அவர் வீட்டில் இன்னும் மூன்று குட்டி இருந்தன. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் மூன்றும் ஓடிவந்து அவர் பேண்டில்தான் ஏறும்.

ஆறாம் நாள் காலையில் எங்கள் குட்டி தட்டுக்கு வரவில்லை. கட்டிலடியில் கிடந்தது. வெள்ளையாக நுரை. பத்து மணிக்கு ரத்தம். அந்த நாற்றத்தை நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். மறக்கவில்லை.

போன் கையில்தான் இருந்தது. அவர் நம்பரும் அட்டையில் இருந்தது. கூப்பிட்டால் வருவார், வந்தால் தெரிந்துவிடும். இது வேறு ஏதோ, எதையாவது துன்னிருக்கும், சரியாகிவிடும் என்று உட்கார்ந்தேன். குட்டியின் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்த கௌரி ஒரு பார்வை பார்த்தாள், என் மடியிலிருந்து போனை எடுத்தாள், அவளே கூப்பிட்டாள்.

அரை மணியில் வந்துவிட்டார். வாசற்படியிலேயே நின்றார். மூக்கைச் சுளிக்கவில்லை, ஆனால் காற்றை ஒரு தடவை இழுத்தார், முகம் மாறிவிட்டது. கட்டிலடியில் குனிந்து குட்டியின் ஈறைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார். எழுந்திருக்கக் கட்டில் காலைப் பிடித்தார். பிடித்த கை அங்கேயே நின்றது. கட்டை விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். பழைய கடி, அழுக்கேறிக் கறுத்துப்போய் இருந்தது.

"அது இது கடிச்சதில்ல மாமா" என்றாள் கௌரி. "அது ஜிக்கி."

"ஜிக்கி யாரு கண்ணு?"

"செத்துப்பூடுச்சே."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அதில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் தப்பாகப் போன வரியைத் தேடுவாரே, அந்த மாதிரிப் பார்த்தார்.

"எங்க பொதைச்சீங்க?"

காட்டினேன். கல்லுக்குப் பின்னால் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கை விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். மூன்று மடக்கியதும் நிறுத்தி, மடக்கின விரல்களை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதை எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். "குட்டிங்க துன்னுச்சா?... மூணுமா?... சரி, வீட்ட கழுவி வுடு. நான் ரெண்டு நாள் வரமாட்டேன். கேக்காத, சொல்றேன்."

கௌரி அவர் சட்டையைப் பிடித்தாள். "மாமா, உங்க வீட்டுக்கே இட்டுக்கினு போங்க மாமா. அங்க அதோட அம்மா இருக்குது."

"அங்க போவக்கூடாது கண்ணு. அங்க மத்ததுங்க இருக்குது. இங்கியேதான் பாத்தாவணும்."

ராத்திரி எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் திருப்பதிக்குப் போனார். அந்த நோவுக்கான ஊசி மருந்து சித்தூரில் கிடைக்கவில்லை. டீ ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, நாலு பாட்டில் மருந்தை அதில் வைத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தோலைத் தூக்கி ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணியைக் கால் மணிக்கு ஒரு ஸ்பூன் கடைவாயில் விடச் சொல்லிக் கௌரிக்குச் செய்து காட்டினார். எங்கள் அண்டாவில் பிளீச்சிங் தண்ணி கலக்கி, தான் போட்டிருந்த துணியை அதில் முக்கினார். காப்பிக் கலர் பேண்ட், அங்கங்கே வெளுத்துத் திட்டுத் திட்டாக ஆகிவிட்டது. எம் வீட்டுக்காரருடைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, கொல்லை முழுக்க, கட்டில் கால் முழுக்க அந்தத் தண்ணியை ஊற்றித் தேய்த்தார். இந்த நோவு மண்ணில் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்குமாம். ஃபேக்டரி வாசனை என் வீட்டில் அடித்தது. ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டுவிட மாட்டாரா என்று நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். "இன்னொரு பக்கெட் குடும்மா" என்பார், அவ்வளவுதான்.

எட்டாம் நாள் காலையில் அவருக்கு ஒரு போன் வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். "எது? வெள்ளையா?" என்றார். வைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார். மூன்று பாட்டில் மீதி இருந்தது. எடுத்துப் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இரண்டை ஃபிளாஸ்க்கிலேயே விட்டார். ஒன்றை ஐஸோடு பாலித்தீன் கவரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது தாங்கும் போல இருக்குது. இதுக்கு ரெண்டு இருக்கட்டும்" என்றார். யாரிடம் பேசுகிற மாதிரியும் இல்லாமல்.

வேறு யார் வீட்டுக் குட்டிக்கோ என்று நினைத்துக்கொண்டேன். சாயந்திரம் திரும்பி வந்து ஊசி போட்டார். அப்படியே மூன்று நாள் அங்கும் இங்கும் மொபெட்டில் போய் வந்தார். பத்தாம் நாள் எங்கள் குட்டி, கௌரி கையிலிருந்த சோற்றுத் தண்ணியை நக்கியது. "ரா நானா" என்றார். அன்றைக்குக் கிளம்பிப் போனவர், அப்புறம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நானும் கௌரியும் அவர் வீட்டுக்குப் போனோம். சம்சாரம் கேட்டுக்கு உள்ளேயே நின்றார்.

"உள்ள வராதீங்கம்மா. வீடு சரியில்ல. ரெண்டு குட்டி பூடுச்சு. வெள்ளையும் பொட்டையும். ஒண்ணுதான் நின்னுச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்தினி வருசத்துல நம்ம வீட்டுக்கு இந்த நோவு வந்ததே இல்ல. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. கேட்டா, எங்கியோ உக்காந்துட்டேன், என் தப்புதான்னு சொல்றாரு. வேற ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு."

உள்ளே அந்தத் தாய் நாய் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மூலைக்குப் போகும், கோணியை மோந்து பார்க்கும், திரும்பும், மறுபடி போகும். கிழித்துக் கொடுத்த இடம் போக மீதி இருந்த அந்தக் கோணிதான்.

அவர் சம்சாரத்திடம்கூட எங்கள் வீட்டைச் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"குட்டி துன்னுச்சா?"

"துன்னுச்சு மாமா" என்றாள் கௌரி. பஸ்ஸில் வரும்போது, தன் விரலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, அன்னிக்கு நான் சொல்லியிருந்தா, மூணும் இருந்திருக்கும் இல்ல?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்டதே இல்லை.

குட்டிக்கு நாங்கள் பேர் வைக்கவில்லை. இரண்டாவது ஊசி போட்டாயிற்று, மூன்றாவதும் போட்டாயிற்று. வைக்கலாம் என்றேன், கௌரி வேண்டாம் என்றுவிட்டாள். இன்றைக்குக் கன்றுக்குட்டி உயரம் நிற்கிறது, இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். சாப்பிட்டு முடித்ததும் போய் அந்தக் கட்டில் காலடியில்தான் படுக்கும். அந்தக் காலில் இரண்டு உயரத்தில் பல் பதிந்திருக்கிறது. கீழே இருப்பது ஜிக்கியுடையது. பெருக்கும்போது குனிந்தால் கண்ணில் படும். கட்டிலை மாற்றிவிடலாம் என்று எம் வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார். நான் மாற்றவில்லை.

போன வருஷம், பக்கத்து வீட்டுச் செல்வி குட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரிடம் போனாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு காலை, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன், மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. என் கை சோப்போடு நின்றுவிட்டது.

"இந்த எடத்துல மண்ணு ஏன் புதுசா இருக்குது?"

"செடி வெக்கத் தோண்டினதுங்க."

"அந்தக் கதவக் கொஞ்சம் தெறங்க. கீழ, கீழ. அந்த மரத்துல கீறல் இருக்குதே?"

"அது எம் பையன் சைக்கிள் வுட்டு இடிச்சது." செல்விக்குப் பொறுமை போய்விட்டது, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "இன்னாங்க இது, குட்டி குடுக்க வந்தீங்களா, திருட்டுச் சாமான் தேட வந்தீங்களா? வீட்ல எதுவும் சாவலன்னு அப்பவே சொன்னேன் இல்ல? ஒருத்தர் வாயால சொன்னா நம்ப மாட்டீங்களா?"

அந்தக் கதவை அவர் மெல்லச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நம்பிக்கினுதாம்மா இருந்தேன்" என்றார்.

அதற்குள் எங்கள் குட்டி அவர் குரலைக் கண்டுபிடித்துவிட்டது. மதில் மேல் முன்னங்காலைப் போட்டுக்கொண்டு ஊளையிட்டு வாலை அடித்தது. மதிலுக்கு மேலே அவர் தலை தெரிந்தது. முடி முழுக்க வெளுத்துவிட்டது. கூனல் இன்னும் கூடியிருந்தது. கை நீட்டி அதன் காதைப் பிடித்தார், கறுப்புக் காது. "ஏமிரா நானா" என்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

இத்தனை வருஷமாக எதை எதையோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போது, கொட்டை எடுக்கும்போது, எல்லாம் வரிசையாக வரும். சோப்புக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"குட்டி துன்னுச்சா?" என்றார்.

"துன்னுச்சுண்ணா."

உண்மைதான். காலையிலேயே சாப்பிட்டுவிட்டது. தட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெயிலில் கிடந்தது.

அவர் மதிலில் கையை ஊன்றி, குதிகாலை உயர்த்தி, எட்டித் தட்டைப் பார்த்தார். நக்கித் துடைத்த மாதிரிக் காலியாக இருந்தது. பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினார்.